பெருக்கல் குறி போட்ட கை

(மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதைதான் எழுதலாம் என்று இருந்தேன். "வேண்டாம்டா தம்பி, இதுவரைக்கும் 42 கவிதை வந்திருக்கு. அதுல பாதி நிலா, மீதி அம்மா. நீ கட்டுரை எழுது" என்று சொல்லிவிட்டார். ஆகவே கட்டுரை. இதிலும் அம்மா வருவார்கள், அதைத் தவிர்க்க முடியாது. நிலா வராது.

நான் எழுதப் போவது நாலே நாலு பாட்டு உள்ள ஓர் இசைத்தட்டைப் பற்றி. அதன் பெயர் 'ஃபயர்ஸ்டார்ம்'. நெருப்புப் புயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசித்தவர்கள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் நகரத்துப் பையன்கள்; குழுவின் பெயர் 'எர்த் க்ரைசிஸ்'. வந்த வருஷம் 1993. அப்போது நான் பிறக்கவில்லை. எங்க அப்பாவுக்கே மீசை முளைத்திருக்காது. ஆனாலும் இந்த மூன்று வருஷப் படிப்பில், செமஸ்டர் அட்டவணைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் யோசித்தது இந்தக் கால் மணி நேரச் சத்தத்தைப் பற்றித்தான்.

ஒரு பாட்டு மட்டும் வெளிவந்தால் அது சிங்கிள். பத்துப் பன்னிரண்டு பாட்டு இருந்தால் ஆல்பம். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து பாட்டோடு வருவதற்கு இ.பி. என்று பெயர். முழு ஆல்பம் போடப் பணமும் இல்லாத, பெயரும் இல்லாத புதுக் குழுக்கள் முதலில் இதைத்தான் போடும். நம்ம மினி புராஜெக்ட் மாதிரி! எர்த் க்ரைசிஸ் 1992-ல் 'ஆல் அவுட் வார்' என்று ஒரு இ.பி. போட்டார்கள். அடுத்த வருஷம் சிகாகோவின் விக்டரி ரெக்கார்ட்ஸ் மூலமாக 'ஃபயர்ஸ்டார்ம்'. 'டெஸ்ட்ராய் தி மெஷின்ஸ்' என்ற முதல் முழு ஆல்பம் 1995-ல்தான் வந்தது. அதாவது, நான் சொல்கிற நேரத்தில் அவர்கள் வளர்ந்துவரும் குழு. நம்மைவிடக் கொஞ்சம் மூத்த பையன்கள், அவ்வளவுதான்.

சிரக்யூஸ் எப்படிப்பட்ட ஊர் என்று மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஏசி மெஷினுக்குப் பேர் போன கேரியர் கம்பெனியின் ஊர் அது. அங்கே ஒரு வருஷத்துக்குச் சராசரியாக 3 மீட்டர் பனி கொட்டும். நம் வகுப்பறைக் கூரை உயரம். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1980-ல் ஒரு பெரிய விளையாட்டு அரங்கம் கட்டி 'கேரியர் டோம்' என்று பெயர் வைத்தார்கள். ஏசி கம்பெனி பெயர் வைத்த அந்த அரங்கத்துக்குள் பல வருஷம் ஏசி கிடையாது! (நம்ம கம்ப்யூட்டர் லேப் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) பின்னால் அந்தத் தொழிற்சாலை வேலைகளும் ஊரைவிட்டுப் போய்விட்டன.

இந்த இசைக்கு மெட்டல்கோர் என்று பெயர். ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமான, கோபமான பாட்டும், ஹெவி மெட்டலின் கனமான கிட்டாரும் கலந்தது. 1990-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தின் 'இன்டெக்ரிட்டி', சிரக்யூஸின் 'எர்த் க்ரைசிஸ்' போன்ற குழுக்கள்தான் இதற்கு அஸ்திவாரம் போட்டார்கள். எனக்கு இதை அறிமுகப்படுத்தியது ஹாஸ்டலில் இருந்த மெக்கானிக்கல் அண்ணன் ஒருவர். இப்போது அவர் ஓசூரில் வேலையில் இருக்கிறார். "கேளு, பிடிக்கலேன்னா எடுத்திரு" என்று ஒரு பக்க இயர்போனைக் காதில் மாட்டிவிட்டார். முதல் தடவை எனக்குப் பிடிக்கவில்லை. லேத் பட்டறைக்குள் நாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

பிடித்தது எப்போது தெரியுமா? இரண்டாமாண்டு லேபில், கிளிப்பர் சர்க்யூட் செய்தபோது!

நம் பிரிவு நண்பர்களுக்குத் தெரியும். சைன் அலையை உள்ளே விட்டு, இரண்டு சிலிக்கான் டயோடை எதிரெதிராகப் போட்டால், 0.7 வோல்ட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலையும், கீழே தொங்கும் காலும் வெட்டுப்பட்டுவிடும். சி.ஆர்.ஓ. திரையில் மலை மாதிரி இருந்தது மேசை மாதிரி ஆகிவிடும். நாமெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, ரிக்கார்டு நோட்டில் படம் வரைந்து, கையெழுத்து வாங்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். ஆனால் எலெக்ட்ரிக் கிட்டாரின் அந்தக் கரகரப்பு இருக்கிறதே, அது இதேதான்! கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னலை அளவுக்கு மீறிப் பெருக்கி, பிறகு தலையை வெட்டுகிறார்கள். வெட்டுப்பட்ட அலையில் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று ஒற்றைப்படை மடங்கு அதிர்வுகள் கூடுதலாகக் கிளம்பும். நம் காதுக்குக் கரகரவென்று கேட்பது அதுதான். ஐநூறு ரூபாய் சாமானில் நானே ஒன்று பண்ணலாம். கிட்டார்தான் இல்லை.

இன்னொன்று. கிட்டாரின் தடித்த கம்பி வழக்கமாக 82.4 ஹெர்ட்ஸில் அதிரும். மெட்டல்காரர்கள் அதைத் தளர்த்தி 65.4 ஹெர்ட்ஸ் வரைக்கும், சிலர் அதற்குக் கீழேயும் இறக்குவார்கள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று முதலாமாண்டு ஃபிசிக்ஸில் படித்தோமே, கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே கம்பியில் இழுவிசை ஏறக்குறைய 63 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கம்பி தொளதொளத்துவிடும். அதனால் இன்னும் தடித்த கம்பி போடுவார்கள். படித்தது பாட்டில் வருகிறது என்று தெரிந்த அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷம், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். நம்மிடம் அதுவரைக்கும் யாரும், இது எதற்கு என்று சொன்னதே இல்லையே!

பிறகு 'பிரேக்டவுன்' என்று ஒன்று வரும். வேகமாக ஓடிக்கொண்டிருக்கிற பாட்டு, திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கும். மேட்டில் ஏறும்போது நம்ம டவுன் பஸ் இரண்டாவது கியருக்கு மாறுமே, வேகம் குறைந்து இழுவை கூடுமே, அப்படி. 'ஃபயர்ஸ்டார்ம்' பாட்டு அந்த இரண்டாவது கியரிலேயே பாதி தூரம் போகும். அடுத்து 'ஃபோர்ஜ்டு இன் தி ஃப்ளேம்ஸ்', அதற்கப்புறம் 'அன்சீன் ஹாலோகாஸ்ட்', 'ஈடன்ஸ் டிமைஸ்'. கடைசி இரண்டும் அழிவைப் பற்றியவை என்று தலைப்பே சொல்லிவிடும். எனக்கு முக்கியம் முதல் இரண்டு.

ஏனென்றால், இவர்கள் குடிக்காதவர்கள்.

ஆமாம் நண்பர்களே! குடி இல்லை, புகை இல்லை, போதை இல்லை. இதற்கு 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்று பெயர். 1980-ல் வாஷிங்டன் நகரத்திலிருந்து 'டீன் ஐடில்ஸ்' என்ற பொடிப்பையன்கள் குழு கலிபோர்னியாவுக்குக் கச்சேரி செய்யப் போனது. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப்பில், இவர்களுக்குக் குடிக்கும் வயசு வரவில்லை என்பதால், பாரில் ஊற்றிக் கொடுத்துவிடாமல் இருக்க இரண்டு புறங்கையிலும் கருப்பு மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். தண்டனை மாதிரிப் போட்ட அந்தக் குறியைப் பையன்கள் பெருமையாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய இசைத்தட்டு அட்டையிலேயே அந்தக் குறி போட்ட கைகள்தான் இருக்கும். அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த இயன் மெக்காய், அடுத்து 'மைனர் த்ரெட்' குழுவில் பாடகராகி, 1981-ல் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்று ஒரு நிமிஷம்கூட ஓடாத ஒரு பாட்டைப் பாடினார். அதிலிருந்து வந்த பெயர்தான் இது. எர்த் க்ரைசிஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கறி, மீன், முட்டை, பால் எதுவும் தொட மாட்டோம் என்றார்கள். இந்த இடத்தில் மட்டும் நான் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். மோரும் கருவாடும் இல்லாத வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

குடிக்காதே என்று நமக்குச் சொல்லாதவர்கள் யார்? வாத்தியார் சொல்கிறார். அம்மா சொல்கிறார்கள். நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று முன்பெல்லாம் பாட்டிலே சொன்னது! ஆனால் எல்லாரும் அறிவுரையாகச் சொல்கிறார்கள். குடிக்காதவன் என்றால் நம்ம ஊரில் அம்மாப்பிள்ளை, பயந்தாங்கொள்ளி. சினிமாவில் கதாநாயகனுக்குச் சோகம் வந்தாலும் பாட்டில், சந்தோஷம் வந்தாலும் பாட்டில். முதன்முறையாக இந்தப் பாட்டில்தான், என் வயசுக் குரல் ஒன்று, மாட்டேன் என்பதைத் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டேன். அது அறிவுரை இல்லை, சண்டை. குடிக்காமல் இருப்பதுதான் முரட்டுத்தனம் என்று அவர்கள் ஆக்கிவிட்டார்கள். கார்ல் பியூக்னர் என்கிறவர்தான் பாடகர். அவர் குரலில் கெஞ்சலே கிடையாது.

இப்போது அம்மா.

எங்க அம்மா பீடி சுற்றுகிறவர்கள். திருநெல்வேலிப் பக்கத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மடியில் முறம். நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து அளவாக வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டி... பேசிக்கொண்டே, டி.வி. பார்த்துக்கொண்டே, கை தன்பாட்டுக்கு ஓடும். 25 பீடி ஒரு கட்டு. கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் செக்கர் ஒவ்வொரு கட்டாகத் தட்டிப் பார்த்துக் கொஞ்சத்தைக் கழித்துப் போடுவார். அந்தக் கழிவுக்குக் காசு கிடையாது. என் பரீட்சைக் கட்டணம், செருப்பு, டிராஃப்டர், பஸ் பாஸுக்கு ஒட்டிய போட்டோ எல்லாம் அந்த முறத்திலிருந்து வந்தவை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையும் எனக்குக் கிடைத்தது. என் புத்தகத்தைப் பிரித்து மோந்து பாருங்கள், புகையிலை வாசம் அடிக்கும்.

ஒரு நாள் இயர்போன் கேட்காமல், போனில் சத்தமாகவே போட்டுவிட்டேன். அம்மா நிமிர்ந்தார்கள்.

"ஏல, என்னல இது, மாவு மில்லு ஓடுத மாதிரி இருக்கு?"

"பாட்டும்மா."

"பாட்டா? யாரைப் போட்டு இந்த வையி வையுதான்?"

"போதை விக்கிறவனையெல்லாம் வையுதான்ம்மா. இவங்க குடிக்க மாட்டாங்க, பீடி சிகரெட்டு குடிக்க மாட்டாங்க."

அம்மா ஒரு பீடியை முடித்து நூலைக் கட்டினார்கள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "அப்போ நம்மளையும் சேத்துல்ல வையுதான்!"

அவ்வளவுதான் சொன்னார்கள். அடுத்த இலையை எடுத்துவிட்டார்கள். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் அந்தப் பாட்டு சும்மா மறுப்பு சொல்கிற பாட்டு அல்ல. விஷத்தை விற்கிறவனை நெருப்பு வைத்து ஒழிக்க வேண்டும், தெருவை மீட்க வேண்டும் என்கிற பாட்டு. அமெரிக்க நகரங்களில் 1980-களில் கிராக் என்ற போதை புகுந்து தெருத்தெருவாகக் குடும்பங்களை அழித்த பிறகு வந்த கோபம் அது. கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாட்டுக்கு எதிரி ஒருவன் வேண்டும். அவன் தெருமுனையில் நிற்க வேண்டும். அவனுக்கு முகம் இருக்கக் கூடாது. எங்க வீட்டில் விஷத்தைச் செய்கிறவர் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வாங்குகிறவர் ராத்திரி ஒன்பது மணிக்கு வருவார்.

அப்பா உரக் குடோனில் மூட்டை இறக்குகிறார். ஒரு மூட்டை 45, 50 கிலோ. லாரி வந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. வலது தோளில் தோல் தடித்து, தொட்டால் டயர் மாதிரி இருக்கும். சாயங்காலம் குடித்தால்தான் ராத்திரி புரண்டு படுக்க முடிகிறது என்கிறார். அது உண்மை என்று எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். அந்தக் காசு இருந்திருந்தால் அக்கா பத்தாவதோடு நின்றிருக்க மாட்டாள் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் ஒரே பாட்டுக்குள் வைக்கக் கிளிப்பர் சர்க்யூட்டால் முடியாது. அது தலையையும் காலையும் வெட்டித்தான் சத்தத்தை உண்டாக்குகிறது.

கேம்பஸ் இண்டர்வியூவில் எங்கள் பிரிவில் ஆறு பேருக்கு வேலை கிடைத்தது. அதில் நானும் ஒருவன். சொல்ல வேண்டுமா? "ட்ரீட் எங்கடா?" வாய்க்கால் பக்கத்துத் தோப்பில் ஏற்பாடு. நான் பரோட்டாவுக்கும் சால்னாவுக்கும் பங்கு கொடுத்தேன். போவதற்கு முன்னால் லேபில் இருந்த மார்க்கரை எடுத்து இரண்டு புறங்கையிலும் பெரிசாகப் பெருக்கல் குறி போட்டுக்கொண்டேன். முதலில் ஒரே சிரிப்பு. "என்னடா, யார்டா உன் கையைத் திருத்தினது? தப்புன்னு போட்டிருக்கு!" என்றான் ஒருவன். இன்னொருவன், "மச்சான், ஒரே ஒரு பீர். ஒரு பீர் குடிச்சா குடி முழுகிடுமா?" என்றான்.

குடி முழுகின வீட்டிலிருந்து வந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. கையைக் காட்டினேன். அறிவுரை சொன்னால் சண்டை வந்திருக்கும். குறியைப் பார்த்ததும், அது எங்கிருந்து வந்தது, எந்த ஊர்ப் பையன்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சான்பிரான்சிஸ்கோ கதையைச் சொன்னேன். போனில் பாட்டைப் போட்டேன். தோப்பில் இருந்த காக்காவெல்லாம் பறந்துபோனது. கடைசியில் இரண்டு பேர் மார்க்கர் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருவன் கையில் குறியும் போட்டுக்கொண்டு பீரும் குடித்தான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டி என்று ஓர் ஊர். அங்கே 1990-களின் பிற்பகுதியில் இந்தக் கொள்கைக்காரப் பையன்கள் சிலர், குடிக்கிறவனையும் புகைக்கிறவனையும் அடிக்கக் கிளம்பி, காவல்துறை அவர்களை ரவுடிக் கும்பல் கணக்கில் சேர்க்கிற அளவுக்குப் போனார்கள். குடிக்காதவன் கையால் அடி வாங்கினாலும் வலி வலிதான். எங்க வீட்டில் அடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனபோது மை அழியவில்லை. பர்மனென்ட் மார்க்கர். அப்பா எனக்கு முன்னாலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"கையில என்னல கோடு?"

"நான் குடிக்க மாட்டேன்னு அர்த்தம்ப்பா."

என் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. நான் வசவு வரும் என்று நினைத்தேன். "வேலைக்குச் சேந்த பொறவும் இருக்கணும்" என்றார். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாளும் குடித்துவிட்டுத்தான் வந்தார். அதற்கு மறுநாளும்.

எர்த் க்ரைசிஸ் 2001-ல் கலைந்து, 2007-ல் மறுபடியும் சேர்ந்தார்கள். அந்தச் சின்ன இ.பி.க்குப் பிறகு எத்தனையோ ஆல்பம் போட்டிருக்கிறார்கள், கேட்டிருக்கிறேன். ஒலிப்பதிவு சுத்தமாக இருக்கிறது, கிட்டார் இன்னும் கனம். ஆனாலும் 1993-ல் போட்டதில் இருக்கிற அந்த அவசரம் எதிலும் இல்லை. பணம் தீர்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்கிற மாதிரி ஓர் அவசரம். ஆல்பத்தை விட எனக்கு இ.பி.தான் பிடித்திருக்கிறது என்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

கேட்க விரும்புகிற நண்பர்கள் மதிய இடைவேளையில் மூன்றாமாண்டுக் கடைசி பெஞ்சுக்கு வரவும். இயர்போனில் இடது பக்கம் மட்டும்தான் வேலை செய்யும். வலது பக்கத்தை நானே பற்ற வைத்துச் சரிபண்ணலாம் என்றிருக்கிறேன். லேபில் சால்டரிங் அயர்ன் திரும்பி வரட்டும்.